பேர் சொல்ல மாட்டேன்

பழைய இரும்பு வந்து குவிகிற அந்த யார்டில் கிரேன் ஒன்றுதான். அதை ஓட்டுகிறவனும் ஒருவன்தான். காலையில் ஏணியேறிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டுச் சங்குக்குத்தான் தரையை மிதிப்பான். அதனால் ஆகாசம் என்று பேர் வைத்திருந்தார்கள். கீழே காஸ் கட்டர் பிடித்து இரும்பு அறுக்கிறவர்களில் அவன் மச்சானும் ஒருவன். பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன்.

கல்யாணமாகிப் பத்து வருஷம். பிள்ளை இல்லை. குறை தங்கையிடம்தான் என்று மச்சான் நம்பிக்கொண்டிருந்தான். நம்பவைத்தது ஆகாசம். "டாக்டர் அவளுக்குத்தான்னு சொல்லிட்டாரு மச்சான். அதுக்காக விட்டுருவேனா? நான் வச்சுக் காப்பாத்துறேன்." இந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் குனிந்த மச்சானின் முதுகு அப்புறம் நிமிரவே இல்லை. இரண்டு பஸ் மாறிப் போய், யாரோ ஒரு வைத்தியரிடம் கசப்புப் பொடி வாங்கி வருவான். அவள் தினமும் அதைக் கரைத்து மாமியார் முன்னால் நின்று குடிக்க வேண்டும். டம்ளர் காலியாகிற வரைக்கும் மாமியார் இடத்தைவிட்டு நகரமாட்டாள்.

டாக்டர் சொன்னதோ வேறு. குறை ஆகாசத்திடம். சத்தமில்லாமல் வைத்தியத்துக்குப் போய்வர லீவு கேட்டபோது, ஆபீசில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்றார்கள். கொடுத்தான். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்று மனிதவள அதிகாரி நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். நிலத்தடி வளம் மாதிரி மனித வளமும் தோண்டத்தான் இருக்கிறது என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

அதிகாரியின் குமாஸ்தா அந்தச் சேதியை ஸ்டோர்கீப்பர் காதில் போட்டான். போட்ட கையோடு அதிகாரியிடம் மாட்டியும் கொண்டான். இருவரையும் கூப்பிட்டு அதட்டியிருந்தால் விஷயம் அங்கேயே செத்திருக்கும். ஆனால் அதிகாரிக்குக் கடமையுணர்ச்சி கொஞ்சம் கூடுதல். கூட்டம் போட்டார்.

கிடங்கில் எல்லோரையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலமும் சட்டையில் குத்திக்கொள்ள 'அந்தரங்கம் காப்போம்' என்ற பேட்ஜும் கொடுத்தார்கள்.

"ஒரு தொழிலாளியோட நோய், குடும்பம், சம்பளம், இதெல்லாம் அவரோட சொத்து. வெளிய சொல்றது திருட்டு."

"சம்பளத்தையா சார்? அத வெளிய சொல்ல எங்களுக்கே வெக்கமாத்தான் இருக்கு" என்றான் ஒரு சுமைகாரன்.

சிரிப்பு அடங்கும்வரை அதிகாரி பொறுத்துக்கொண்டார். "உதாரணம் சொன்னாத்தான் உங்களுக்குப் பதியும். பேர் சொல்ல மாட்டேன். நம்ம யார்டுலதான் ஒருத்தர். உசரத்துல உக்காந்து வேலை பாக்குறவர்."

கிடங்கில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"திரும்பாதீங்க! அதான் தப்புங்குறேன்!" மைக் கிறீச்சிட்டது. "அவருக்குப் பிள்ளை இல்ல. குறை அவர்கிட்ட. வைத்தியத்துக்கு லீவு எடுத்திருக்கார். இத ஆபீஸ்ல ஒருத்தர் வெளிய சொல்லிட்டார். தெரிஞ்சா அந்த மனுஷன் மனசு என்ன பாடுபடும்? யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார்கள். ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தார்கள்.

"டன் கணக்குல தூக்குறவனுக்கா இந்த நெலம?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

மச்சான் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பேட்ஜைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் பின்னால்தான் ஆகாசம் ஓடியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. அதிகாரி பின்னால் ஓடினான்.

"சார், என் குடியக் கெடுத்துட்டீங்களே!"

"நானா? எங்கயாவது பேர் சொன்னேனா?"

"யார்டுல கிரேன் ஒண்ணுதானே சார் இருக்கு!"

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? இன்னொரு கிரேன் வேணும்னு எப்பவோ எழுதிப் போட்டாச்சு."

"என் பொண்டாட்டியோட அண்ணன் அங்கதான் உக்காந்திருந்தாரு சார்."

அதிகாரி எட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுப்பா. ஊருக்கே கேக்குற மாதிரி இப்ப நீதான் சொல்லிட்டிருக்க. புகார் குடுக்குறதுன்னா குடு, தடுக்கல. ஆனா விசாரணை நடந்தா நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். பேரோட. விதி அப்படி."

ஆகாசம் புகார் கொடுக்கவில்லை.

வீட்டு வாசலில் மச்சானின் சைக்கிள் சாய்ந்திருந்தது. உள்ளே கூச்சல் ஏதும் இல்லை. ஆகாசம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அவன் அம்மா அடுப்படியில் கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். மச்சான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், அந்தாளு ஏதோ வாய்க்கு வந்தத..."

"மாப்ள, உன் கால்ல விழாத குறையா நின்னேனே, எட்டு வருஷம்." மச்சான் முகத்தைத் திருப்பவில்லை. "பொடிய நான்தானே வாங்கிட்டு வந்தேன். இந்தக் கையாலதானே குடுத்தேன்."

பெண்டாட்டி உள்ளேயிருந்து டம்ளரோடு வந்தாள். பொடி வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கரைந்திருந்தது. அவன் முன்னால் வைத்தாள்.

"இந்த வீட்டுல ஒருத்தருக்கு வைத்தியம் தேவைப்படுது" என்றாள். "பேர் சொல்ல மாட்டேன்."

பேட்ஜ் இன்னும் அவன் சட்டையில்தான் இருந்தது. அம்மா இருந்த பக்கம் பார்த்தான். அம்மா பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். குடலைப் புரட்டியது. கீழே வைக்கப் போனான்.

எட்டு வருஷமாக மாமியார் நின்ற இடத்தில் இப்போது அவள் நின்றுகொண்டிருந்தாள். நகர்கிற மாதிரி தெரியவில்லை.