முன்தண்டு ஜோடி

சப்பரம் தூக்குவதற்கு முன் ஜோடி சொல்லியாக வேண்டும். கார்வேட்டிநகரம் பக்கத்து அந்தத் தெருவில் பெருமாளுக்குப் பஜனை கோயில் கட்டிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். சப்பரம் சுமக்கும் தண்டுக்கு நிற்பவன், எதிர்த் தண்டுக்காரன் பெயரைச் சொல்வான். பெயர் கேட்கும் பெரிய ஆள் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார். அதோடு ஒரு வருஷத்துக்குக் கட்டு. இவன் காய்ச்சலில் விழுந்தால் அவன் இவன் நிலத்தில் இறங்கி உழ வேண்டும். கூலிக்கு மாரடித்த ஜனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.

கிரண்குமார் ஒவ்வொரு புரட்டாசிக்கும் தருண் பெயரைத்தான் சொல்லிவந்தான். இருவரும் ஒரே உயரம். திருப்பதி மார்க்கெட்டில் ஒரே லாரியில் மூட்டை இறக்குகிறவர்கள், ஒரே அறையில் குடியிருப்பு. யாரும் எதுவும் கேட்டதில்லை. இந்த ஆவணியில் கிரணை வீட்டார் சித்தூருக்குப் பெண் பார்க்க இழுத்துப் போனார்கள். அங்கே காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் பொண்ணு வேணாங்க. நானும் தருணும் சேந்துதான் வாழ்ந்துக்கினு இருக்கோம். உங்க பொண்ணு வாழ்க்கைய நான் கெடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அவர்கள் பஸ் ஊர் சேர்வதற்குள் பேச்சு போனில் வந்து சேர்ந்திருந்தது.

அவன் அப்பா ரங்கன்தான் பெயர் கேட்கும் ஆள்.

புரட்டாசி சனிக்கிழமை காலையில், நாமம் போட்டுக்கொண்டிருந்த மகன் முன்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கு முனிரத்தினம் பேரச் சொல்லு."

"அவன் என் காதுக்கே எட்ட மாட்டான், நைனா."

"கிண்டல் பண்ணாதடா. தருண் பேரச் சொன்னியோ, தண்டுல கை வெக்காத. தெருவே சிரிக்குது."

"சிரிக்கட்டும். பெருமாள் எதிர்ல நின்னுக்கினு எப்படிப் பொய் சொல்றது?"

அம்மா சென்னம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பெருமாளா இவனத் தள்ளுறாரு? நீ தள்ளுற."

"நீ கம்முனு இரு" என்றார் ரங்கன்.

தருண் போனில் இழுத்தான். "நான் வேணா வராம இருந்துடட்டுமா?"

"வேட்டி கட்டிக்கினு வா" என்றான் கிரண்.

திருப்பதியில் நண்பன் ஒருவனும், உன்னை ஒதுக்குகிற கோயில் உனக்கெதற்கு என்று கேட்டிருந்தான். எங்கள் ஆட்கள் கல் சுமந்து கட்டிய கோயில், அதை யாருக்கு விட்டுவிட்டு வரச் சொல்கிறாய் என்று கிரண் திருப்பிக் கேட்டான்.

சப்பரம் முக்காலி மேல் பூவோடு நின்றது. ஆட்கள் தண்டோரம் நின்றார்கள். முதலில் முன்தண்டு.

"ஜோடி யாரு?" ரங்கன் மகன் முகத்தைப் பார்க்கவில்லை.

"தருண்."

மேளம் நின்றது. பின்தண்டிலிருந்து முனிரத்தினம் குரல் விட்டான். "ஏண்டா, சாமி எதிர்லயே கல்யாணமா?"

"தாலி வாங்கியாந்திருக்கியா? இல்லன்னா மூடிக்கினு தண்டப் புடி" என்றான் கிரண்.

பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. முனிரத்தினம் தலையைச் சொறிந்தான்.

ரங்கன் பெயரைத் திருப்பிச் சொல்லவில்லை. "தள்ளு" என்றார் தாழ்ந்த குரலில். "வேற ஆளு நிக்கட்டும்."

"தள்ள மாட்டேன், நைனா. உனக்கு சாமின்னா எனக்கும் சாமிதான். இவனும் என் ஆளுதான். ரெண்டுல ஒண்ண விட்டுட்டுப் போற ஆளு நான் இல்ல."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கிரண் எதிர்த் தண்டில் நின்ற தருணைப் பார்த்தான். மூட்டைக்குக் குனியும்போது பார்க்கிற அதே பார்வை. இருவரும் குனிந்து தோள் கொடுத்தார்கள்.

"கோவிந்தா!"

முன்பக்கம் எழுந்தது. பின்னால் ஒருவனும் தூக்கவில்லை. சப்பரம் பின்புறம் சாய்ந்தது, மாலைகள் சரிந்தன. பெண்கள் கூவினார்கள்.

"சாமி சாயுதுடா! புடிங்கடா, பாவிங்களா, தூக்குங்கடா!" என்று கத்தியது ரங்கன்தான்.

முனிரத்தினம் முதல் ஆளாகத் தோள் கொடுத்தான். மற்றவர்களும் பாய்ந்தார்கள். சப்பரம் நேரானது. மேளம் தானாக எடுத்துக்கொண்டது.

ரங்கன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வழியில் நின்ற பைக்குகளை நகர்த்தச் சொல்லித் திட்டியபடி முன்னால் நடந்தார். மத்தியானம் வீட்டில் பெரிய சண்டை காத்திருக்கிறது என்று கிரணுக்குத் தெரியும். இருக்கட்டும், போட்டுக்கொள்ளலாம்.

"கால மாத்து" என்றான் தருணிடம். "மேடு வருது."