பன்னிரண்டாவது பாட்டு

கண்ணாடி அறைக்குள் காற்றே இல்லை. தியாகராய நகரில் அய்யாதுரையின் ரிக்கார்டு கடையில், வாங்குகிறவர்கள் கேட்டுப் பார்ப்பதற்கென்று மூலையில் அடைத்த சின்ன அறை அது. இரண்டு பேர் முட்டி இடித்துக்கொண்டு உட்காரலாம். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கக் கதவின் உட்புறம் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக் கைப்பிடி எப்போதோ கழன்று போயிருந்தது. வெளியிலிருந்து யாராவது திறந்துவிட்டால்தான் உண்டு.

அதற்குள் மெஹபூப் அலி வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கனகராஜ். இருவரும் ‘மூன் லேம்ப்ஸ்’ என்கிற ராக் குழுவைச் சேர்ந்தவர்கள். கனகராஜ் கிடார், மெஹபூப் பாட்டு. மந்தைவெளியில் ஒரு மொட்டைமாடியில் ஆரம்பித்து, ஓட்டல்களில் ஆட வருகிறவர்களுக்கு வாசித்துப் பெயர் வாங்கியவர்கள். அவ்வப்போது சின்னச் சின்ன இசைத்தட்டுகளாகப் பாட்டுகளும் வந்தன. இப்போது குழு கலைகிறது. கனகராஜுக்குத் துபாயில் வேலை கிடைத்துவிட்டது. கலைவதற்கு முன்னால், இதுவரை வந்ததில் சிறந்த பன்னிரண்டைப் பொறுக்கி ஒரே பெரிய தட்டாகப் போடலாம் என்று அய்யாதுரை முன்வந்திருந்தார். இதற்குப் பிறகு இன்னொன்று கிடையாது. இதில் எது ஏறுகிறதோ அதுதான் மிஞ்சும்.

பதினொன்று முடிவாகிவிட்டன. பன்னிரண்டாவதில் வந்து வண்டி நின்றுவிட்டது.

கடைக்கு வந்த இரண்டு பையன்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று மெஹபூபைப் பார்த்துவிட்டார்கள். ஒருவன் இடது கையை நீட்டி, இல்லாத ஒரு நரம்பை வலது கையால் சுண்டினான். அவன் வாய் “டொய்ங்” என்று குவிந்தது. சத்தம் உள்ளே வரவில்லை. ஆனாலும் மெஹபூபுக்குக் கேட்டது.

“பாரு மச்சி, உன் ரசிகருங்க,” என்றான் கனகராஜ்.

“உயிர்காலேஜ் கூண்டுல கொரங்கு மாதிரி கீறேன். கதவத் தொறக்கச் சொல்லுடா.”

“தொறந்தா கையெழுத்து கேப்பானுங்க. பஞ்சுன்னு போட்டுக் குடுப்பியா?”

கனகராஜ் கேலிக்குச் சொன்னாலும், ஊரில் மெஹபூபுக்கு அதுதான் பெயர். மயிலாப்பூரில் அவன் அப்பா குலாம் முகம்மது மெத்தைக் கடை வைத்திருந்தார். ஆள் உயரத்துக்கு ஒரு வில். அதன் நரம்பை மரக்கட்டையால் அடித்தால் டொய்ங் டொய்ங் என்று அதிரும். கட்டிப்போன பஞ்சு பிரிந்து பறக்கும். மெஹபூப் பாட வந்ததே அந்தச் சத்தத்திலிருந்தும், மூக்கில் ஏறும் அந்தப் பஞ்சிலிருந்தும் தப்பிக்கத்தான். ஒரு ராத்திரி ஓட்டல் மேடையில் கனகராஜின் கிடாரில் தந்தி அறுந்துவிட்டது. மாற்றும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க வேண்டுமே என்று, மெஹபூப் அப்பாவின் வில்லை வாயாலேயே அடித்து, “டொய்ங் டொய்ங் பஞ்சு, தூங்கப் போடா குஞ்சு” என்று வாய்க்கு வந்ததைப் பாடினான். ஜனம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. அதோடு அதை விட்டிருக்கலாம். தட்டாகவும் போட்டார்கள். நிஜ வில்லே இருக்கட்டும் என்று கனகராஜ் போய்க் குலாம் முகம்மதையே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வில்லும் கையுமாக அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். மெஹபூபுக்கு அன்றைக்கு மானம் போயிற்று.

பிறகு அந்தப் பாட்டு அவனை விடவில்லை. ரேடியோவில் வாரம் தவறாமல் வந்தது. பஸ் கண்டக்டர் “பஞ்சு, உள்ள போ” என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமா, “அந்த டொய்ங் மட்டும் ஒரு தடவ காட்டுங்க மாப்ளே” என்றார். மெஹபூப் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். அவ்வளவு ஏன், அவன் அப்பா மௌத்தாகி, சந்தூக்கைத் தோளில் சுமந்து போனபோது, தெருமுனையில் யாரோ ஒரு விவரமில்லாதவன் அவனைப் பார்த்து வாய்க்குள் அதை முனகினான். தோளில் அப்பா. காதில் டொய்ங். எங்கே ஓடுவான், சொல்லுங்கள்.

அய்யாதுரை கதவைத் திறந்து தலையை நீட்டினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். சட்டைப்பையில் எப்போதும் தட்டுத் துடைக்கும் துணி இருக்கும்.

“தம்பி, கடைசியா ரெண்டு இருக்கு. ஒண்ணு பஞ்சு. இன்னொண்ணு நீங்க எழுதினது. எத மொதல்ல போடட்டும்?”

“என்னுத போடுங்க. பஞ்சு வாணாம், எனக்குத் தெரியும்.”

‘சால்ட் ஆன் மை விண்டோ’ என்பது அதன் பெயர். ஜன்னல் கம்பியில் கடற்காற்று உப்பாகப் பூத்திருப்பதைப் பார்த்து அவன் எழுதியது. வந்த புதிதில் ஒருவரும் அதை வாங்கவில்லை. கதவு மூடியது. ஊசி இறங்கியது. இதற்கு முன் மற்றப் பாட்டுகளைக் கேட்டபோது மெஹபூப் ஈவிரக்கம் பார்க்கவில்லை. இதில் தாளம் ஓடுகிறது, இதில் நான் மூக்கால் பாடுகிறேன், இது அடுத்தவன் சட்டையை இரவல் வாங்கிப் போட்ட மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தான். இந்தப் பாட்டில் கழிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. குரல் தன் வீட்டுக்குள் நடக்கிற மாதிரி நடந்தது. முடிந்ததும் கனகராஜ்கூடக் கேலி பேசவில்லை.

“இதான்டா பாட்டு,” என்றான்.

அய்யாதுரை வந்து கழுத்தைச் சொறிந்துகொண்டார். “நல்லாத்தான் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பஞ்சு இல்லாம இந்தத் தட்ட நான் யாருக்குக் கொண்டு விப்பேன்? மதுரைக்காரன் போன் போட்டு மொதல்ல அதத்தான் கேக்கான். அந்தப் பாட்டுக்கு முன்னால ஒரு பேச்சு வருதுல்லா, வில்லடிக்கிற கெழவர் பேச்சு, அத மட்டும் வெட்டிட்டம்னா சுத்தமாயிரும்.”

“பஞ்சு வாணாம்ணே. சாவற வரைக்கும் நான் பஞ்சாவே இருக்கணுமா?”

அய்யாதுரை அவன் முகத்தைப் பார்த்தார். “சரி. நீங்க கட்டின பாட்டு, நீங்க சொல்லுததுதான். வீட்டுக்குப் போயி யோசிங்க. நாளைக்குச் சொன்னாப் போதும்.”

யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தபடி மெஹபூப் மயிலாப்பூருக்கு பஸ் ஏறினான். நாளைக்கு ஒரே ஒரு வார்த்தை. பிறகு இந்தத் தொல்லை தட்டில் இருக்காது. தட்டில் இல்லாததை ஜனம் மறந்துவிடும். வெகுநாளைக்குப் பிறகு அவன் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

அம்மா ஜைதூன் பீ ஒரு தலையணை உறையை மூட்டிக்கொண்டிருந்தாள். தங்கை வஜீஹா பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மீ, பெரிய தட்டு வருது. என் பாட்டு, நானே எழுதினது, அது வருது.”

“மாஷா அல்லாஹ்,” என்றாள் ஜைதூன் பீ. “பஞ்சுப் பாட்டும் வருதில்ல?”

“அது இல்ல. தூக்கிட்டேன்.”

ஊசி நின்றது. அம்மாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏன், அதுக்கு இன்னா?” என்றான் மெஹபூப். “அந்தப் பாட்டால நான் படற பாடு உங்களுக்குத் தெரியாதா? எவன்தான் அத ரேடியோவுல வாரா வாரம் கேட்டான்னு தெரியல. ஆள் கெடச்சா ஒதைக்கணும்.”

வஜீஹா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முடியவில்லை.

“அப்ப எங்களத்தான் ஒதைக்கணும் அண்ணே.”

சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் நேயர் விருப்பம் வரும். அந்த நேரத்தில் மெஹபூப் ஓட்டலில் பாடிக்கொண்டிருப்பான். அவன் பாட்டைப் போட்டால் அவன் பெயரைச் சொல்வார்கள். பிள்ளையின் பெயரை ஊரெல்லாம் சொன்னால் அது துஆ ஓதுகிற மாதிரிதானே என்று ஜைதூன் பீ நினைத்தாள். மற்றப் பாட்டுகளின் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. பஞ்சுதான் நுழைந்தது. அவள் சொல்லச் சொல்ல வஜீஹா கார்டு எழுதினாள். எழுதத் தெரிந்த பக்கத்து வீடுகளையும் விடவில்லை. காய்க்காரம்மா பேச்சியம்மாள் பெயரில் போயிற்று. பிறந்து கண் திறக்காத குழந்தைகள் பெயரில் போயிற்று.

“‘விரும்பிக் கேட்டவர்கள், மயிலாப்பூர் சுல்தான்’னு ஒருத்தர் பேரு அடிக்கடி வரும்,” என்றாள் வஜீஹா. “அது நம்ம ஆடு.”

இதைக் கேட்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கலாம், தப்பில்லை. மெஹபூபுக்கு வரவில்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“கண்ணு படும்னு அம்மீ யாரையும் சொல்ல விடல.”

“அப்ப ஊரு கேக்கல. நீங்க கேட்டுக் கேட்டு ஊருக்குப் பழக்கிட்டீங்க. என்னிய அதுக்குள்ள வெச்சுத் தெச்சதே நீங்கதான்.”

ஜைதூன் பீ உறையை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

“ஆரம்பத்துல உனக்காகத்தான் கேட்டேன் பேட்டா. உங்கப்பா போனதுக்கு அப்புறம் எனக்காகக் கேட்டேன்.”

“உனக்கா?”

“பாட்டு வர்றதுக்கு முன்னாடி அவரு பேசுவாரில்ல. ‘அடிக்கட்டுமா பேட்டா?’ன்னு. அதுக்குத்தான்.” அவள் கையை வெறுமனே தடவிக்கொண்டாள். “ஒரு போட்டோவுல கூட அவரு வாயத் தொறக்கல. இதுல ஒண்ணுலதான் பேசறாரு. இப்ப ரேடியோவுல போடறதில்ல. தட்டு தேஞ்சு போச்சாம். நம்ம வீட்டுல தட்டுப் போடற பொட்டியும் இல்ல. பெரிய தட்டு வந்தா மறுபடியும் ரேடியோவுல போடுவாங்கன்னு நெனச்சேன்.”

பிறகு அவளே அவசரமாகச் சொன்னாள்: “உன் இஷ்டம்டா. உனக்குப் புடிக்காத பாட்டு வாணாம். சாப்புட வா.”

திட்டியிருந்தால் அவன் திரும்பத் திட்டியிருப்பான். அழுதிருந்தால் கோபித்துக்கொண்டு வெளியே போயிருப்பான். சாப்பிட வா என்று சொன்னதுதான் அவனுடைய எல்லா வழியையும் அடைத்துவிட்டது. இந்தப் பக்கம் போனால் அம்மாவின் முகம். அந்தப் பக்கம் போனால் சாகும்வரை பஞ்சு. தட்டில் வைத்த சோற்றை அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

மறுநாள் அவன் கடைக்குப் போனபோது கனகராஜ் முன்னாலேயே வந்து காத்திருந்தான்.

“இன்னா மச்சி, அண்ணங்கிட்ட சொல்லிடலாமா? சால்ட்தானே?”

“மொதல்ல பஞ்சப் போடச் சொல்லு. நான் தனியா கேக்கணும்.”

அய்யாதுரை பழைய சின்னத் தட்டைத் தேடி எடுத்து, துணியால் துடைத்து, அவனை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். மெஹபூப் அந்தத் தட்டை ஒரு நாளும் முழுசாக உட்கார்ந்து கேட்டதில்லை.

முதலில் கீறல் சத்தம் மட்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பேசக்கூடாது என்று அன்றைக்கு குலாம் முகம்மதுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். மகன் வேலை செய்யும் இடத்தில் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்கிற தயக்கத்தோடு, கடைக்கு வந்த பெரிய மனிதரிடம் பேசுகிற குரலில், மகனிடம் கேட்டார்: “அடிக்கட்டுமா பேட்டா?”

அதற்கு அன்றைக்கு மெஹபூப் பதில் சொல்லவில்லை. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். அந்த இடைவெளியும் தட்டில் இருந்தது. யாரும் பதில் சொல்லாத ஒரு சின்ன மௌனம். பிறகு அவராகவே வில்லை அடித்தார். டொய்ங்.

பாட்டு ஆரம்பித்தது. மெஹபூப் கேட்டான். இன்றைக்கும் அது நல்ல பாட்டில்லை. குரல் அசட்டுத்தனமாக இருந்தது, சொற்கள் அதைவிட. அந்தத் தீர்ப்பில் அவனுக்கு மாற்றம் இல்லை. வெளியே யாரோ ஒரு காலேஜ் பையன் அவனைக் கண்டுகொண்டு நண்பனின் விலாவில் இடித்தான். கைகள் நீண்டன. இல்லாத நரம்பைச் சுண்டின. மெஹபூப் கண்ணாடியைத் தட்டினான்.

அய்யாதுரை கதவைத் திறந்தார்.

“இத வெச்சிக்கங்கண்ணே. பன்னண்டாவதா.”

அய்யாதுரையின் முகம் மலர்ந்தது. “நல்ல முடிவு தம்பி. அந்தக் கெழவர் பேச்ச வெட்டிச் சுத்தம் பண்ணிருதேன்.”

“அதத் தொட்டீங்கன்னா நான் ஒத்துக்க மாட்டேன். வேணும்னா பின்னாடி வர்ற பாட்ட வெட்டிக்கங்க.”

அய்யாதுரைக்குப் புரியவில்லை. கனகராஜுக்குப் புரிந்துவிட்டது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அந்தப் பெரியவரைக் கைபிடித்து அழைத்து வந்தவன் அவன்தானே.

“அட்டையில பேரு போடணும்ணே,” என்றான் கனகராஜ். “வில், குலாம் முகம்மதுன்னு.” பிறகு மெஹபூபின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். “சால்ட் போச்சேடா.”

“போச்சு,” என்றான் மெஹபூப். “இன்னும் ஊருபூரா பஞ்சு, பஞ்சும்பானுங்க. விடு.”

வெளியே அந்தப் பையன்கள் போகாமல் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். மெஹபூப் அவர்களைப் பார்த்தான். பிறகு, கைப்பிடி இல்லாத அந்தக் கதவைப் பஞ்சுத் தையலில் விரல் நுழைத்து உள்பக்கமாக இழுத்தான்.

“இன்னொரு தபா போடுங்கண்ணே,” என்றான். “அந்த முன்னாடி பேச்சு மட்டும்.”

கதவு மூடிக்கொண்டது. கீறல் சத்தம் வந்தது. அப்பா செருமினார், கேட்டார்.

“அடிங்கப்பா,” என்றான் மெஹபூப்.