கல்லறையில் வைத்த விசிறிச்செடி

புருஷனைப் புதைத்த இடம் மொட்டையாகக் கிடப்பதைப் பார்க்கத் தையல்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. செடி வாங்கப் போனாள்.

"பனங்கன்னு மாதிரியே இருக்கும்மா, ஆனா பனை இல்ல. விசிறிச்செடி. வெச்சிட்டுத் திரும்பிப் பாக்கவே வேணாம்" என்றார் நாற்றுப் பண்ணைக்காரர்.

இலைகள் துணிக்குக் கொசுவம் பிடித்தாற்போல மடிப்பு மடிப்பாக இருந்தன. அதிலேயே அவள் மனசு போய்விட்டது.

இரண்டு வருஷம் பார்த்தவர்களெல்லாம் வாயாரப் புகழ்ந்தார்கள். மூன்றாம் வருஷம் தூரில் வெள்ளைக் காய்கள் பிடித்தன. குருவிகள் கொத்திக்கொண்டு போயின. மண்ணுக்கடியில் வேர் தன்பாட்டுக்கு ஓடியது. அடுத்த மழை முடிந்ததும் கல்லறைக் காவலர் தையல் கடைக்கே வந்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க செடி பதினேழு கல்லறைக்குப் போயிடுச்சு. பஸ் டிரைவரோட குழந்தையைப் புதைச்ச இடம் இருக்கே, அங்க கல்லே பிளந்துடுச்சு."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு போனாள். துணைக்கு நாத்தனாரும் வந்தாள். சுண்டுவிரல் அளவு வேர் தங்கினாலும் பதினைந்து நாளில் முளைத்து நின்றது.

"எங்கண்ணன் உயிரோட இருக்கறப்பவும் ஒரு இடத்துல நின்னதில்ல. இப்பவும் ஊர் சுத்துறாரு" என்றாள் நாத்தனார். இருவரும் சிரித்தார்கள். பிறகு நாத்தனார் அழுதாள். அடுத்த மாதத்திலிருந்து அவள் வரவில்லை.

ஒரு ஞாயிறு பஸ் டிரைவர் வந்து நின்றார்.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

"நீங்க வேணும்னா செஞ்சீங்க? விடுங்கக்கா."

அவர் குனிந்து, பிளந்த கல்லில் மகளின் பெயருக்கு நடுவே எட்டிப் பார்த்த முளையைப் பிடித்து இழுத்தார். இலை கையோடு வந்தது. வேர் உள்ளேயே நின்றுவிட்டது.

கடைசியில் நிர்வாகம், மருந்தடித்து, செடி பரவிய வரிசை முழுவதையும் சிமெண்டால் மூடிவிட முடிவு செய்தது. புருஷன் இருந்த இடமும் அதில் அடக்கம். காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

சிமெண்டு கொட்டிய நாளில் போயிருந்தாள். "இதைத் தாண்டி வராதும்மா" என்றார் காவலர். அவள் பின்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வாய்க்கால் கரையில், பாலம் வரைக்கும், முழங்கால் உயரத்துக்கு அதே மடிப்பு இலைகள்.

"அதை யாரு எடுப்பாங்க?"

"அது நம்ம எல்லை இல்லம்மா."

மறு ஞாயிறு அவள் கல்லறைக்குப் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை.