பதினோரு படிவங்கள்

லாஸ் ஏஞ்சல்ஸின் வடகோடியில், சமையலறை மேடைகளுக்குக் கல் அறுக்கும் பட்டறை ஒன்றில் யெசெனியா அலுவலக வேலை பார்த்தாள். அவளுடைய அண்ணன் எலிசேயோ அங்கேயே கல் அறுத்தான்.

ஒரு மதியம் முதலாளி ரோஹேலியோ ஒரு கட்டுப் படிவங்களை அவள் மேசையில் போட்டார்.

"பக்கத்துப் பட்டறைக்கு இன்ஸ்பெக்டர் வந்தாச்சு. நாளைக்கு இங்கதான். தூசி முகமூடி முகத்துல சரியாப் பொருந்துதான்னு எல்லாருக்கும் மார்ச்சுலயே சோதிச்ச மாதிரி எழுதிடும்மா."

"சோதிக்கவே இல்லையே முதலாளி?"

"தாளைத்தான் கேப்பாங்க. நெஞ்சைத் திறந்தா பாக்கப் போறாங்க?"

பதினோரு பேருக்கும் எழுதினாள். முகமூடிக்கு வெளியே கசப்பு மருந்து தெளித்துச் சோதிக்கப்பட்டது, கசப்பு உள்ளே வரவில்லை, தேறினார். அண்ணனின் உடல்நலத் தாளும் வந்தது. மூச்சு வாங்குகிறதா? இல்லை. விடாத இருமல்? இல்லை. இரண்டு மாதமாக அவள் வீட்டு மாடிப்படியில் இருமுறை நின்றுதான் அவன் ஏறி வருகிறான்.

மறுநாள் காலை வந்த இன்ஸ்பெக்டர் நரைத்த தலையுடைய ஒரு பெண். தொழிலாளிகள் பேசும் ஸ்பானிஷ் அவளுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் போனில் கிடைக்கவில்லை. "நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்க" என்று யெசெனியாவை உட்கார வைத்தாள். முதலில் கூப்பிட்டது எலிசேயோவை.

"முகமூடி போடறதுக்கு முன்னாடி அந்த மருந்தைக் கொஞ்சம் ருசி பாக்க வைப்பாங்க. அது எப்படி ருசிச்சதுன்னு கேளுங்க."

யெசெனியா அதை அப்படியே ஸ்பானிஷில் கேட்டாள். எலிசேயோ மேசையில் கிடந்த தாளில் தங்கையின் கையெழுத்தைப் பார்த்தான். சோதனை நடந்ததாக அவள் எழுதியிருப்பதைப் புரிந்துகொண்டான்.

"இனிப்பா இருந்துச்சுன்னு சொல்லு" என்றான் ஊகத்தில்.

கசப்பு என்று மாற்றிச் சொன்னால் போதும். யாருக்குத் தெரியும்? கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முதலாளி நின்றார். அவள் வாய் திறப்பதற்குள் எலிசேயோ இருமத் தொடங்கினான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, நிற்காமல் இருமினான்.

"எங்கண்ணனுக்கு யாரும் சோதனை பண்ணல" என்றாள் யெசெனியா ஆங்கிலத்தில். "பதினோரு தாளும் நேத்து நான் எழுதினது."

இன்ஸ்பெக்டரின் உத்தரவால் அன்று மாலையே அறுப்பு இயந்திரங்கள் நின்றன. "நாளைக்கு வராதே" என்று மட்டும் யெசெனியாவிடம் சொன்னார் முதலாளி.

அதே வாரம் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்தார். இரு நுரையீரலிலும் வெள்ளைப் புள்ளிகள். கல்தூசி.

"சரியாகுமா டாக்டர்?"

"போன மூச்சு திரும்பாது. இனி தூசிப் பக்கமே போகக்கூடாது."

வெளியே வந்து காரில் ஏறினார்கள். "அந்தத் தாளுக்கு என்னைக் கேட்டிருந்தா இருமுறேன்னு சொல்லியிருப்பேனே, புள்ள" என்றான் எலிசேயோ. அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மத்த பத்து பேரும் எக்ஸ்ரே எடுத்தாங்களா?" என்று அவன் கேட்டான்.

அவளுக்குத் தெரியவில்லை. அண்ணனோடு கல் அறுத்த பத்துப் பேரில் ஒருவனான அதால்பெர்த்தோவின் எண்ணை அழுத்தினாள். அவன் மனைவி எடுத்தாள்.

"அவரா? படுத்திருக்காரு. சளிதான், ஒரு மாசமா விட மாட்டேங்குது" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால், அண்ணனுடையதைப் போன்ற அதே இருமல் கேட்டது.