ஐந்நூறு பேர் சொன்னது

கல்லூரி வாசலில் ரகுபதி பத்தடி உயரத்துக்கு நின்றார். அடையாறு பாலத்தில் இறங்கும் பேருந்துகள் எல்லாம் அவரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பின. ஃபிளெக்ஸ் அடித்தவன் காதோர நரையை அழித்திருந்தான்; விஞ்ஞானி என்று தெரியட்டுமே என்று பின்னால் ஒரு தொலைநோக்கியையும் வைத்திருந்தான். வேதியியல் பேராசிரியருக்குத் தொலைநோக்கி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கீழே, 'ஐந்நூறு மேற்கோள் கண்ட அறிவியல் சிங்கமே!'

ரகுபதி என்றோ எழுதிய ஒரு கட்டுரையை உலகத்தில் ஐந்நூறு பேர் தங்கள் கட்டுரைகளில் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். எதற்காகக் குறிப்பிட்டார்கள் என்று, எண்ணிக்கை போடும் கணினி கேட்பதில்லை. புகழ்ந்தாலும் ஒன்று, கிழித்துத் தொங்கவிட்டாலும் ஒன்று.

கல்லூரித் தாளாளர் பொன்ராஜுக்கு தி. நகரில் நான்கு மாடிப் பட்டுக்கடை. அவர் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "நம்ம கடைப் பேரை நாலு பேரு ஊர்ல சொல்லுதாவன்னா அது யாவாரம்லா சாரு! உங்களுக்கு ஐந்நூறு பேரு சொல்லுதான்." முதல்வர் நாற்காலி காலியாக இருந்தது. நேர்காணல் அடுத்த மாதம். "அது சும்மா சம்பிரதாயம்" என்று பொன்ராஜ் கண்ணடித்திருந்தார்.

இவ்வளவு இருந்தும் ரகுபதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், பொங்கலிலிருந்து அவர் மேசையில் கிடந்த, அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மணிமொழியின் முனைவர் பட்ட ஆய்வேடு. நெறியாளர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழுந்தால் அவளுக்கு ஐதராபாத்தில் வேலை. ஆனால் விழ வேண்டிய இடத்துக்கு முன்னால் மூன்றாவது அத்தியாயம் இருந்தது.

ரகுபதியின் புகழ் பெற்ற கட்டுரை சொன்னது இதுதான்: பல்லேடியம் என்ற விலை கூடிய உலோகம் இல்லாமல் நடக்காது என்று எல்லோரும் நம்பிய ஒரு வினை, எந்த உலோகமும் இல்லாமலே நடக்கும். மணிமொழி அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்துபார்த்தாள். குடுவைக்குள் சுழன்று கலக்கிவிடும் காந்தத் துண்டை ஆய்வகத்தில் மேக்னெட் என்பார்கள். அந்தத் துறையில் புது மேக்னெட் வாங்கும் வழக்கமே இல்லை. ஒரு அணி கழுவி வைத்ததை அடுத்த அணி எடுத்துக்கொள்ளும். பழைய மேக்னெட்டைப் போட்டால் வினை ஓடியது. தன் காசில் வாங்கிய புதியதைப் போட்டால் அசையவே இல்லை. பழையதன் கீறல்களுக்குள், முன்னே யாரோ செய்த சோதனையின் பல்லேடியம் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"மூணாவது அத்தியாயம் அவசியமாம்மா?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"அது ஒண்ணுதான் சார் உண்மை" என்றாள்.

பாராட்டு விழாவுக்கு முன்தினம் பொன்ராஜிடமிருந்து போன். "கல்யாணத்துல வாழ்த்து மடல் வாசிப்பாவல்லா, அது மாதிரி அந்த ஐந்நூறு பேரும் உங்களப் பத்தி என்ன எழுதியிருக்காவன்னு கொஞ்சம் வாசிச்சிருவோம். தமிழ்லயே. உங்க ஆராய்ச்சிப் பொண்ணுகிட்ட சொல்லியாச்சு."

அவர் ஆய்வகத்துக்கு ஓடினார். "நல்லதா நாலு பாத்து எடும்மா."

"நான் எதையும் பொறுக்கல சார். கடைசியா வந்ததுலேர்ந்து வரிசையா எடுத்திருக்கேன்" என்றாள் மணிமொழி, திரும்பாமல்.

தேனாம்பேட்டை ஓட்டல் ஒன்றின் குளிரூட்டிய அரங்கு. ரகுபதியின் தோளில் ஜரிகை பொன்னாடை, தாளாளர் கடைச் சரக்கு, கழுத்தை அறுத்தது. மணிமொழி ஒலிபெருக்கி முன் நின்றாள்.

"ஜெர்மனியிலிருந்து. 'ரகுபதி குழுவினர் நடந்ததாகச் சொல்லும் வினையைப் பலமுறை முயன்றும் எங்களால் நடத்த முடியவில்லை.'"

ரகுபதி கண்ணை மூடிக்கொண்டார். பொன்ராஜ் துள்ளி எழுந்தார். "ஜெர்மன்காரனாலயே முடியல! நம்ம சாரு முடிச்சிருக்காரு!" அரங்கு அதிர்ந்தது. மூன்றாம் வரிசையில் வேதியியல் துறை ஆசிரியர்கள் மட்டும் தங்கள் செருப்புகளை ஆராய்ந்தார்கள்.

"ஜப்பானிலிருந்து. 'ரகுபதியின் கூற்றை மிகுந்த எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.'"

"பயப்படுதான் பாருங்க!"

அவள் இன்னும் ஐந்தாறு வாசித்தாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

ஏற்புரைக்கு ரகுபதியை அழைத்தார்கள். மேடையோரம் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கட்டுரையில தப்பு இருக்கு. அந்த வேலையைச் செஞ்சது நான் இல்ல. எங்க லேப்ல கிடந்த ஒரு பழைய மேக்னெட்."

அரங்கமே எழுந்து நின்று தட்டியது. பொன்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐந்நூறு பேரு புகழ்ந்த பொறவும் எம்புட்டுத் தன்னடக்கம்! சாமானுக்குப் பெருமை குடுக்குதாரு பாருங்க!"

இல்லை, நான் நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஒலிபெருக்கி கையில்தான் இருந்தது. ரகுபதி கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் கலைந்தபோது படிக்கட்டில் மணிமொழி காத்திருந்தாள். கையில் ஆய்வேட்டின் கையெழுத்துப் பக்கம்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க சொல்லுவீங்கன்னு நினைக்கவே இல்ல." பேனாவை நீட்டினாள்.

அவர் பேனாவைப் பார்த்தார். "அது மேடைம்மா."

"புரியல சார்."

"மேடையில பேசறது வேற, எழுதிக் கையெழுத்துப் போடறது வேற. மூணாவதை எடுத்துடு, இந்த நிமிஷமே போட்டுடறேன்."

அவள் முகம் மாறியது. கல்லூரிக்காக அவள் பழகி வைத்திருந்த தமிழும் கழன்றுபோனது. "இன்னா சார் இது? அத்த எடுத்துட்டா மிச்சம் இன்னா கீது அதுல? அட்டையும் உங்களுக்கு நன்றியுரையுமா?"

"கோவப்படாதே. கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"யோசிச்சாச்சு சார். கைடை மாத்திக்கிறேன்."

"ஒரு வருஷம் போயிடுமேம்மா. ஐதராபாத் வேலை?"

"போவும்" என்றாள். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பக்கம் போகாமல் நேராக இறங்கிப் போனாள்.

கூப்பிடலாம். நாலே படி இறங்கியிருந்தாள்.

ஒரு வருடம், என்று ரகுபதியின் மனது தானாகக் கணக்குப் போட்டது. நேர்காணல் அடுத்த மாதம்தானே. மடமடவென்று ஒரு நிம்மதி இறங்கியது. அந்த நிம்மதியைக் கண்டு அவரே திடுக்கிட்டார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். கீழே கண்ணாடிக் கதவு திறந்து மூடிக்கொண்டது.

"முதல்வர் சாரு!" உள்ளேயிருந்து பொன்ராஜின் குரல். "எல போட்டாச்சு, வாங்க!"

முதல்முறையாக அப்படி அழைத்திருக்கிறார். ரகுபதி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். பசித்தது.