முதல் பக்கம் வந்தால் போதும்

எங்கள் வீட்டில் எந்தக் காகிதமானாலும் முதலில் குலதெய்வம் அண்ணமார் படம் வந்தாக வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குச் சரி, அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைலுக்குமா? அம்மா சாரதாமணியிடம் கேட்டுப் பயனில்லை. "முழுசாத் தெரியோணும்" என்றுவிட்டாள். நானும் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டு, பின்னால் எல்லாச் சீட்டையும் கலரில் ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் ஏற்றினேன்.

அப்பா சென்னியப்பன் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஒன்றில் மேனேஜர். வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கர் காட்டுப் பக்கம்தான். பெனிசிலின் அவருக்கு ஆகாது. ஒருமுறை அந்த ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சடைத்து, பிழைத்ததே பெரும்பாடு. வெளியூரில் யாராவது மறுபடி போட்டுவிட்டால்? அந்தப் பயத்தில்தான் இந்த ஃபைல்.

லிங்கை அனுப்பித் திறந்து பார்க்கச் சொன்னேன். "ஏஞ்சாமி, வட்டம் மட்டும் சுத்துது. டீ குடிச்சுட்டு வந்தும் பாத்துட்டேன், அண்ணமாரையே காணோம்" என்றார்.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. நான் வேலை பார்க்கும் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக் கடைக்கு எதிரே தமீம் அண்ணன் டைப்பிங் கடை வைத்திருக்கிறார். அவரிடம் காட்டினேன்.

"என்னம்மா தனப்பிரியா, லாரில ஏத்த வேண்டியத செல்லுல ஏத்தி வச்சிருக்க?" என்று சிரித்தார். "படமே பாதிக்கு மேல கனம். கடைசிப் பக்கம் இறங்கற வரைக்கும் முதல் பக்கம் திறக்காது."

மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தார். சீட்டுகளைக் கறுப்பு வெள்ளையாக்கி, எழுத்து மங்காத அளவுக்கு இளைக்க வைத்தார். எந்த போனிலும் எழுத்து கட்டம் கட்டமாக மாறாதபடி எழுத்துருவையும் ஃபைலுக்குள்ளேயே சேர்த்தார். மற்றதெல்லாம் வந்து சேரும் முன்பே முதல் பக்கம் திறந்துகொள்ளும்படி சேமித்தார். அந்தப் பக்கத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சிவப்பாக, பெரிதாக, பெனிசிலின் ஆகாது என்று போட்டார்.

"சாமி படத்த எடுத்துட்டீங்களாண்ணா? அம்மா என்னைய ஊட்டுக்குள்ள உடாது."

"எடுப்பேனா? மூலைல பாரு."

நகத்தளவில் அண்ணமார் இருந்தார்கள். சாமியை இப்படியா சுருக்குவது என்று அம்மா என்னோடு ரெண்டு நாள் பேசவில்லை. அப்பா புது லிங்கை ரிக்கில் இருந்த எல்லோருக்கும் அனுப்பி வைத்தார்.

ஐப்பசியில் அப்பாவின் காலை டிரில் ராடு கிழித்துவிட்டது. வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை. சீழ் வைத்து, காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகு டிரைவர் மாரியப்பன் அவரைப் பக்கத்து ஊர் டாக்டரிடம் தூக்கிப் போயிருக்கிறார். எந்த மருந்தாவது ஆகாதா என்று டாக்டர் கேட்டதற்கு மாரியப்பனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு அடித்தார், லைன் கிடைக்கவில்லை. ஊசியில் பெனிசிலின் ஏறிவிட்டது, போடுவதுதான் பாக்கி. அப்போதுதான் அந்த லிங்க் ஞாபகம் வந்து தொட்டிருக்கிறார்.

சாயங்காலம் மாரியப்பன் பேசினார். "ஒரு பக்கந்தானுங்க வந்துச்சு, மிச்சமெல்லாம் சுத்திட்டே இருந்துச்சுங்க. டாக்டர் அந்தச் செவப்பு எழுத்தப் பாத்தாரு, ஊசியக் கீழ வச்சுட்டாரு. வேற மருந்துதானுங்க போட்டாரு. அண்ணன் இப்பக் கஞ்சி குடிக்கறாருங்க."

அன்று சாப்பிடாமல் கிடந்த தமீம் அண்ணனை நினைத்து நினைத்து அழுதேன். இந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் அம்மா ஒப்பிட்டு சுட்டு, அந்தப் பருப்புப் போளியைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு என்னோடு செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தாள். "நீங்களும் புள்ளகுட்டிகளும் நல்லாருக்கோணுந் தம்பி" என்று அவர் கையில் கொடுத்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அந்தப் பக்கத்துல இருக்கற சாமி படத்த எடுத்துருங்க. இன்னுங் கொஞ்சம் வெரசா வரட்டும். அண்ணமாருங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

தமீம் அண்ணன் மறுத்துத் தலையாட்டினார். "இருக்கட்டுங்கம்மா. அதுல கனமே இல்ல. அன்னிக்கு அந்த ஒரு பக்கத்தோட அவங்களுந்தான போய்ச் சேந்தாங்க."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.