நாலே நாலு வரி

"நாலே நாலு வரிடி! இதுக்குப் போய் எவளாவது மெனக்கெடுவாளா?"

ஃபிசா அன்னிக்கு இப்படித்தான் கேட்டா. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனியில வெப் பேஜ் எழுதுற வேலை அவளுக்கு. பூந்தமல்லி பக்கம் ஒரு ஆஸ்பத்திரி கேட்டிருந்துது. டிஸ்சார்ஜ் ஆனவங்க எப்போ எவ்வளவு இன்சுலின் போட்டுக்கணும்னு போன்ல காட்டுற பக்கம். காலை, மதியம், இரவு, படுக்கும் முன். எதிர்ல அளவு. வேற ஒண்ணும் இல்ல.

பக்கத்து சீட்டு ஜெபா விடல. எழுதினதைச் சோதிச்சுப் பாக்குறது அவ வேலை. "வேளையெல்லாம் ஒரு டிவ் பெட்டியில, நம்பரெல்லாம் இன்னொரு பெட்டியிலன்னு போட்டு வெச்சிருக்க. பாக்குறவங்களுக்குத்தான் அது பக்கத்துல பக்கத்துல. கண்ணு தெரியாதவங்களுக்குப் போன் வாய்விட்டுப் படிக்கும்ல, அது மொதல்ல நாலு வேளையையும் படிச்சிட்டு, அப்புறம்தான் நம்பருக்கே வரும். டி.எல். பட்டியலாப் போடுடி, ஒவ்வொரு வேளையும் அதோட நம்பரும் ஜோடியா நிக்கும். இல்ல, ஒரு டேபிளாவது போடு."

"போட்டா மேனேஜர் ஸ்ரீநாத் சார் கேட்ட பார்டர், கலரு எல்லாத்தையும் திரும்பச் செய்யணும். சாயங்காலம் டெலிவரி. நீ வந்து செய்வியா?"

ஊட்ல கண்ணு தெரியாத அப்பாவை வெச்சிகினு இந்தப் பொண்ணுக்கு உறைக்கலியான்னு கேப்பீங்க. உறைச்சுது. அதான் கொடுமை. கண்ணை மூடிகினு போனைப் படிக்க விட்டா. நாலு வேளை, நாலு நம்பரு, வரிசையா வந்துது. நாலுதானே, யாருக்கு ஞாபகம் இருக்காதுன்னு அனுப்பிட்டா. அவ சோதிச்ச பட்டியல்ல நாலு கட்டமும் நிரம்பியிருந்துது. ஒரு கட்டம் காலியா வந்தா என்ன ஆவும்னு பாக்கத் தோணல, பாவி மகளுக்கு.

அவ அத்தா பஷீருதீனுக்குச் சுகர்லதான் கண்ணு போச்சு. ஆனா மனுஷன் யார் கையையும் எதிர்பாக்க மாட்டாரு. இன்சுலின் பேனாவைத் திருகுறப்போ டிக் டிக்னு சத்தம் வரும் பாருங்க, அதை எண்ணித் தானே ஊசி போட்டுக்குவாரு. சாப்பாட்டுக்கு முன்ன போடுறது சட்டுனு வேலை செய்யுற மருந்து, அந்தப் பேனாவுல ரப்பர் பேண்ட் சுத்தியிருப்பாரு. படுக்கும் முன் போடுறது நின்னு நிதானமா வேலை செய்யுற இன்னொரு மருந்து.

கால்ல புண்ணுன்னு அவரை அதே ஆஸ்பத்திரியில சேர்த்து, அளவையெல்லாம் மாத்தி அனுப்பினாங்க. சீட்டைப் படிச்சுச் சொல்றேன்னு வந்த பொண்டாட்டி அஷ்ரஃபுன்னிசாவைக் கையமர்த்திட்டாரு. "நீ எதுக்கு? எம் பொண்ணு செஞ்சது போன்ல கீது, அது சொல்லும்." வாசல்ல நின்ன செக்யூரிட்டி, ஆட்டோக்காரரு, ஒருத்தரையும் விடல. "எம் பொண்ணு எழுதுனதுப்பா இது!" அவ்வளவு பெருமை.

டாக்டர் மதிய ஊசியை நிறுத்தியிருந்தாரு. காலை ஆறு, மதியம் காலி, இரவு ஆறு, படுக்கும் முன் முப்பது. கண்ணால பாத்தா அந்தக் காலி எடம் பளிச்சுன்னு தெரியும். போன் இல்லாததை எங்கேர்ந்து படிக்கும்? "காலை, மதியம், இரவு, படுக்கும் முன். ஆறு, ஆறு, முப்பது"ன்னுச்சு. அவரு விரல் விட்டு எண்ணினாரு. காலைக்கு ஆறு, மதியத்துக்கு ஆறு, இரவுக்கு முப்பது. படுக்கும் முன் ஒண்ணும் வரல. அதை நிறுத்திட்டாங்க போலன்னு நெனச்சிகினாரு.

அன்னிக்குச் சாயங்காலம் அஷ்ரஃபுன்னிசா குமணன்சாவடியில ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தா. ஃபிசா ஆபீஸ்ல. இவரு ரப்பர் பேண்ட் பேனாவை எடுத்து, நிதானமா முப்பது டிக் எண்ணிப் போட்டுகினு சாப்பிட உக்காந்தாரு. பொண்டாட்டி திரும்பி வந்து பாத்தா, தட்டுல பாதி இட்லி அப்படியே கெடக்குது, சுகர் அடியோட எறங்கி மனுஷன் கீழ விழுந்து கெடக்குறாரு, வெட்டி வெட்டி இழுக்குது.

ஐ.சி.யூ. வாசல்ல ஃபிசா அத்தாவோட போனை எடுத்து, கண்ணை மூடிகினு கேட்டா. ஆறு, ஆறு, முப்பது. ஐயோன்னு அலறிட்டா. அங்கேயே தரையில உக்காந்தவளை நர்ஸுங்க வந்து தூக்க வேண்டியதாப் போச்சு.

மறுநாளே பக்கத்தை மாத்திட்டா. டி.எல். போட்டு, காலி எடத்துல 'வேண்டாம்'னு எழுதினா. ரெண்டு டீ குடிக்கிற நேரம்கூட ஆவல. ஜெபா சோதிச்சுப் பாத்து ஓகே போட்டா. நாலு திட்டு திட்டியிருந்தாத் தேவலை.

பஷீருதீன் பொழைச்சாரு. பேச்சு குழறுது, கையில நடுக்கம் நிக்கல. இனிமே டிக் எண்ணிப் பேனா திருகுற கை இல்ல அது. "காது குடுத்து ஒழுங்காக் கேட்டிருந்தா இப்படி ஆவுமா?"ன்னு அஷ்ரஃபுன்னிசா அழுதுகினே திட்டினா.

"அவரைத் திட்டாதம்மா. தப்பு என்னுது. நான் எழுதுனதாலதான் போன் தப்பாப் படிச்சுது, அத்தா சரியாத்தான் கேட்டாரு." ஃபிசா எல்லாத்தையும் சொன்னா. காலிக் கட்டத்தை, ஜெபா சொன்னதை, இவ கேக்காததை.

அவரு தடவித் தடவி அவ கையைப் புடிச்சாரு. "சும்மா இரும்மா. எனக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்காத. நீ எழுதுனது தப்பாவுமா? கண்ணு போச்சு, இப்போ காதும் போச்சு. அவ்ளோதான்."

"இல்லத்தா! இதோ, இப்போ கேளுங்க." போனை அவரு காதுகிட்ட வெச்சா. "காலை, ஆறு. மதியம், வேண்டாம்."

அவரு அதைத் தள்ளி, பொண்டாட்டி மடியில போட்டாரு. "இனிமே நீயே படிச்சுச் சொல்லு. ஊசியும் நீயே போட்டு விடு." சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினாரு.

"இரவு, ஆறு. படுக்கும் முன், முப்பது"ன்னு மடியிலேர்ந்து போன் ஒழுங்காப் படிச்சு முடிச்சுது.